புது எபிசோடுக்கு ரியாக்‌ஷன் வீடியோ: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல வருடங்களாக ஓடும் ஓர் அறிவியல் புனைவுத் தொடரில் புது எபிசோட் வரப்போகிறது. அதைப் பார்க்கும்போது நீங்கள் சிரிப்பதையும் அதிர்வதையும் வீடியோவாகப் போட ஆசை. கேமராவை வைத்தோம், பார்த்தோம், ஏற்றினோம், முடிந்தது என்றுதான் தோன்றும். உண்மையில் எபிசோட் பார்க்கும் அந்த ஒரு மணி நேரம்தான் இதில் சுலபமான பகுதி. கணக்குச் சரிபார்ப்பு, காப்பிரைட், நேர வித்தியாசம், வரிப் படிவம் என்று மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் கிடக்கின்றன. முட்டி மோதித்தான் நான் அவற்றைக் கோத்தெடுத்தேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

யூடியூபை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு பிரிட்டனின் பிபிசி தொடரான டாக்டர் ஹூ. புதிதாக வருபவரை ஒரு தொடர் எத்தனை விதமாகக் குழப்ப முடியுமோ அத்தனையும் அதில் இருக்கிறது.

1. எந்த வகை வீடியோ என்று முதலில் முடிவெடுங்கள்

ரியாக்‌ஷன் என்ற பெயரில் மூன்று வகை வீடியோக்கள் ஓடுகின்றன. ஒன்று, எபிசோடின் துண்டுகளை ஓரத்தில் ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்திப் பேசுவது. இரண்டாவது, முழு நீள ரியாக்‌ஷன். இதில் எபிசோடின் படமும் இருக்காது, ஒலியும் இருக்காது. உங்கள் முகமும் ஒரு டைமரும் மட்டும். பார்ப்பவர் தன் சந்தாவில் எபிசோடைப் போட்டு, டைமரோடு பொருத்திக்கொண்டு உங்களோடு சேர்ந்து பார்ப்பார். மூன்றாவது, பார்த்து முடித்த சூட்டோடு கேமராவைப் பார்த்துப் பேசுவது.

என்னைக் கேட்டால் மூன்றாவதில் தொடங்குங்கள். அது பழகிய பிறகு, மிகச் சில துண்டுகளோடு முதல் வகைக்கு வரலாம். புதியவர்கள் பெரும்பாலும் நேராக முதல் வகையில்தான் குதிக்கிறார்கள். அடி விழுவதும் அங்கேதான்.

சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதை ஒரு தீர்ப்பை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு யூடியூப் வீடியோவை நிறுத்தி நிறுத்தி விமர்சித்த இன்னொரு வீடியோ மீது தொடரப்பட்ட வழக்கு ஹொசைன்சாதே எதிர் க்ளைன். 2017-இல் நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம், விமர்சித்த வீடியோ நியாயப் பயன்பாட்டுக்குள் (உரிமையாளரிடம் கேட்காமலே விமர்சனம் போன்றவற்றுக்காக எடுத்துக்கொள்ளச் சட்டம் தரும் இடம்) வரும் என்று தீர்ப்பளித்தது. ‘ரியாக்‌ஷன் என்றாலே சட்டப்படி சரி’ என்று சிலர் சொல்லித் திரிவது இதை வைத்துத்தான். ஆனால் அதே தீர்ப்பின் அடிக்குறிப்பை அவர்கள் படிப்பதில்லை. எல்லா ரியாக்‌ஷன் வீடியோவும் இதில் அடங்காது என்கிறது அது. சிறு துண்டுகளோடு விமர்சனத்தைக் கலப்பவை ஒரு பக்கம். விமர்சனமே இல்லாமல் கூட்டாக உட்கார்ந்து பார்ப்பது போன்றவை வேறு பக்கம்.

நியாயப் பயன்பாடா இல்லையா என்று முடிவெடுக்க அமெரிக்கக் காப்பிரைட் சட்டத்தின் 107-ஆவது பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக எடுத்தீர்கள், எந்த மாதிரிப் படைப்பிலிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலப் படைப்பின் வியாபாரம் கெடுமா. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவும், இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் விமர்சனத்துக்கு இடம் தருகின்றன. ‘முப்பது விநாடிக்குக் கீழே போனால் பிரச்சினை இல்லை’ என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை. படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது, ஒலியின் வேகத்தைக் கூட்டுவது, ‘காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை’ என்று விவரக் குறிப்பில் எழுதிவைப்பது ஆகிய எதற்கும் சட்டத்தில் மதிப்பு கிடையாது. திருப்பிப் போட்ட படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

2. கணக்கும் அடையாளச் சான்றும்: எபிசோடுக்குச் சில வாரங்கள் முன்னால்

சரிபார்க்காத யூடியூப் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற முடியாது. எடிட் செய்து முடித்து, நள்ளிரவில் ஏற்றும்போது இது தெரியவந்தால் நொந்துபோவீர்கள். அலைபேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்தால் வரம்பு 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி, இதில் எது குறைவோ அதுவாக மாறும். சொந்தத் தம்ப்நெயில் (முகப்புப் படம்) போடும் வசதியும் அதோடு திறக்கும். ஓர் எண்ணை வைத்து ஒரு வருடத்தில் இரண்டு சேனல்களைத்தான் சரிபார்க்கலாம். வீட்டில் வேறு யாராவது அதே எண்ணில் சேனல் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ‘மேம்பட்ட வசதிகள்’ என்று ஒரு படி இருக்கிறது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாள அட்டையைக் காட்டலாம், அல்லது முகத்தைக் காட்டி ஒரு சிறு வீடியோ எடுத்து அனுப்பலாம். இரண்டும் வேண்டாம் என்றால், விதி மீறாமல் சேனலைக் கொஞ்ச காலம் நடத்தினால் வசதிகள் தானாகத் திறக்கும். இது இப்போது எதற்கு என்று தோன்றும். காப்பிரைட் க்ளெய்மை (‘இந்தப் பகுதி என்னுடையது’ என்று உரிமையாளர் தரப்பில் வரும் கோரிக்கையை) எதிர்த்து மேல்முறையீடு செய்ய இந்தப் படியைத் தாண்டியிருக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே முடித்துவைப்பது நல்லது.

3. செலவு

ரொக்கமாகப் போவது முக்கியமாகச் சந்தா. மற்றதை இலவசமாகவே சமாளிக்கலாம். பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேமராவுக்குக் கையில் இருக்கும் அலைபேசி. வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் மைக், அடுத்து வெளிச்சம். கேமரா கடைசியில்தான். முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். குரல் இரைந்தால் போய்விடுவார்கள்.

சந்தாவை வருடக் கணக்கில் கட்டுவதற்கு முன், அடுத்த சீசன் அதே சேவையில்தான் வருகிறதா என்று பாருங்கள். நீண்ட காலத் தொடர்கள் இடம் மாறும். டாக்டர் ஹூ 2023 முதல் பிரிட்டனுக்கு வெளியே டிஸ்னி பிளஸில் வந்தது. 2025-இல் அந்தக் கூட்டு முடிந்துவிட்டது. பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அங்கேயும் பார்ப்பதற்கு டிவி லைசென்ஸ் வேண்டும்.

4. எந்த ‘சீசன் 1’?

டாக்டர் ஹூவில் ‘சீசன் 1, எபிசோட் 1’ என்று தலைப்பு வைத்தால் மூன்று எபிசோடுகளில் எது என்று கேட்பார்கள். தொடர் தொடங்கிய 1963-க்கு ஒரு முதல் சீசன், மறுபடி தொடங்கிய 2005-க்கு ஒன்று, எண்ணை மீண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பித்த 2024-க்கு இன்னொன்று. இது போதாதென்று, கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள் சீசன்களுக்கு நடுவே வரும். வரிசை எண்ணை மட்டும் பார்த்துப் போனால் அவற்றைத் தவறவிடுவீர்கள். ஸ்டார் ட்ரெக்கில் சிக்கல் வேறு மாதிரி. அந்தப் பெயரின் கீழே பல தனித்தனித் தொடர்கள் இருக்கின்றன.

ஆகவே வீடியோத் தலைப்பில் தொடரின் முழுப்பெயர், வெளியான வருடம், எபிசோடின் பெயர் மூன்றும் இருக்கட்டும். பிற்பாடு பிளேலிஸ்ட் அடுக்கும்போதும் இதுதான் கை கொடுக்கும்.

பழையதை எவ்வளவு பார்த்திருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்தால் தொடங்கவே மாட்டீர்கள். டாக்டர் ஹூவில் அது முடியவும் முடியாது. 1960-களின் எபிசோடுகள் பலவற்றின் நாடாக்களை பிபிசியே அழித்துவிட்டது. இந்தத் தொடரின் நாயகர் அவ்வப்போது முகம் மாறி வேறு நடிகராக வருவார். நடப்பு நாயகர் வந்ததிலிருந்து பார்த்தால் போதும், முந்தைய சீசனின் கடைசி எபிசோடை மட்டும் மறக்காமல் பாருங்கள். அப்புறம், நீங்கள் எந்த இடத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதை வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘நான் புதுசு, 2005-இலிருந்துதான் தெரியும்’ என்று சொன்னவரிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை. தெரிந்ததுபோல் நடிப்பவரைப் பழைய ரசிகர்கள் இரண்டே வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. கடிகாரம்

வெளியீட்டு நேரம் எந்த ஊர்க் கடிகாரப்படி என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 2024-இல் டாக்டர் ஹூ எபிசோடுகள் பிரிட்டனில் சனிக்கிழமை பிறக்கும் நள்ளிரவில் வெளியாயின. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது வெள்ளி மாலை ஏழு மணி. 2025-இல் அதே தொடர் பிரிட்டிஷ் நேரம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாறியது. போன சீசன் நேரத்தை வைத்து இந்த சீசனுக்கு அலாரம் வைக்கக் கூடாது.

கோடைக்காலக் கடிகார மாற்றத்தையும் கவனியுங்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே தள்ளுவார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட சில வாரங்கள் இரண்டு நாடுகளுக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் குறையும். வெளியீட்டு நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றி எழுதி, அங்கிருந்து உங்கள் நேரத்துக்கு வாருங்கள். பிரிட்டிஷ் கோடை நேரம் காலை எட்டு என்றால் யுடிசியில் ஏழு.

முதல் ஆளாகப் போட வேண்டும் என்ற ஓட்டத்தில் நீங்கள் இறங்க வேண்டாம் என்பேன். அதில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எடிட்டரும் இருக்கிறார். எபிசோட் வந்த மறுநாளுக்குள் வந்தால் நல்லது. ஆனால் அடுத்த எபிசோட் வருவதற்கு முன் கட்டாயம் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் ஊகங்களுக்கெல்லாம் விடை தெரிந்துபோயிருக்கும்.

6. பதிவு

எபிசோட் ஒரு கருவியில் ஓடட்டும், பதிவு வேறு கருவியில் நடக்கட்டும். எபிசோட் ஓடும் திரையையே பதிவு செய்ய முயன்றால் பெரும்பாலும் கறுப்புக் கட்டம்தான் வரும். ஸ்ட்ரீமிங் சேவைகளின் பாதுகாப்பு பூட்டு அது. அதை உடைக்கும் வழிகளை இணையத்தில் தேடாதீர்கள். நியாயப் பயன்பாடு ஒரு பக்கம் இருந்தாலும், பூட்டை உடைப்பதே அமெரிக்கச் சட்டத்தில் தனிக் குற்றச்சாட்டு. துண்டுகள் வேண்டும் என்றால் தயாரிப்பாளர்களே வெளியிடும் டிரெய்லர்களிலிருந்து எடுங்கள். அவையும் அவர்களுடையவைதான், ஆனால் பூட்டு கிடையாது.

ஹெட்ஃபோன் கட்டாயம். ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தால் முழு எபிசோடின் ஒலியும் உங்கள் மைக்கில் ஏறும். பின்னணியில் லேசாகக் கேட்கும் தலைப்பு இசைகூட யூடியூபின் தானியங்கித் தேடலில் சிக்கலாம். கலந்த ஒலியிலிருந்து உங்கள் குரலை மட்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஓபிஎஸ்ஸில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். எம்பி4 என்றால் முழுக் கோப்பும் போகலாம். பிறகு அதே மென்பொருளில் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம். விநாடிக்கு 6 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 ஜிபி பிடிக்கும். அலைபேசியில் எடுப்பவர்கள் கவனிக்க: அலைபேசிகள் நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்பதை ஒரே அளவில் வைத்திருப்பதில்லை. தனி மைக்கில் எடுத்த ஒலியோடு சேர்க்கும்போது ஆரம்பத்தில் பொருந்தும் உதடும் குரலும் முடிவில் விலகி நிற்கும். நொடிக்கு 30 என்று நிலையாகப் பூட்டும் கேமரா செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டுங்கள், அந்தத் தட்டலை வைத்துப் பொருத்தலாம்.

தொடங்கும்போது மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி எபிசோடை ஓடவிடுங்கள். இடையில் நிறுத்தினால் டைமரில் எங்கே நிறுத்தினீர்கள் என்று உரக்கச் சொல்லுங்கள். முடிவுப் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். அடுத்த வாரத்துக்கான முன்னோட்டம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எபிசோட் முடிந்ததும் நிறுத்தாமல் குறைந்தது கால் மணி நேரம் பேசுங்கள். வீடியோவின் உயிரே இந்தப் பகுதிதான். வாய் பிளந்ததை எல்லோரும் காட்டுகிறார்கள். ஏன் பிளந்தீர்கள் என்று சொல்பவர்கள் குறைவு. நாயகர் முகம் மாறும் காட்சி உங்களுக்கு ஏன் கனத்தது, எந்த விஞ்ஞான விளக்கம் ஒட்டவில்லை, எந்த முடிச்சு பத்து வருடப் பழசு என்றெல்லாம் பேசலாம். பார்க்கும்போதே ஒரு தாளில் ஒற்றைச் சொற்களாகக் குறித்துக்கொண்டால் பேச்சு தடுமாறாது.

7. எடிட்டிங்: கிளிப் பட்டியல் என்னும் ஆவணம்

துண்டுகள் பயன்படுத்தினால் எடிட் செய்யும்போதே ஒரு பட்டியல் போடுங்கள். துண்டு உங்கள் வீடியோவில் எந்த நிமிடத்தில் வருகிறது, எத்தனை விநாடி, எங்கிருந்து எடுத்தது, அதைப் பற்றி நீங்கள் என்ன விமர்சனம் சொல்கிறீர்கள் என நான்கு கட்டங்கள். க்ளெய்ம் வரும் நாளில் இந்தப் பட்டியல்தான் உங்கள் வக்கீல். நான்காவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தத் துண்டை அப்போதே தூக்கிவிடுங்கள்.

8. ஏற்றுதல்

வெளியிட நினைக்கும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே, தனிப்பட்டதாக ஏற்றிவையுங்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும். உயர்தரத்துக்கு நேரம் பிடிக்கும். ஏற்றும் படிகளில் ‘சோதனைகள்’ என்று ஒன்று வரும். அதில் காப்பிரைட் பொருத்தம் ஏதும் இருந்தால் யாரும் பார்ப்பதற்கு முன்பே காட்டிவிடும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு விஷயம்: எபிசோட் புத்தம் புதிது என்பதால் அதன் மூலக் கோப்பு தேடல் அமைப்பில் பிற்பாடுகூடச் சேரலாம். இன்று பச்சை காட்டிய வீடியோவுக்கு நாளை க்ளெய்ம் வருவது நடக்கக்கூடியதுதான்.

‘குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா?’ என்ற கேள்வியில் கவனம். தொடரைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்பதற்காக ‘ஆம்’ போட்டால், கருத்துப் பெட்டி மூடப்படும், தனிப்பயன் விளம்பரங்கள் நிற்கும். கேள்வி உங்கள் வீடியோவைப் பற்றியது.

9. க்ளெய்ம் வந்தால்

முதலில் மூச்சு விடுங்கள். க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. தானியங்கி அமைப்பான கன்டென்ட் ஐடி பொருத்தம் கண்டால் வருவது க்ளெய்ம். உரிமையாளர் வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது வெறுமனே பார்வைக் கணக்கை மட்டும் கவனிக்கலாம். சில நாடுகளில் மட்டும் தடுப்பதும் உண்டு. இதனால் உங்கள் சேனலுக்குக் கறை இல்லை.

க்ளெய்ம் வந்த இடம் முக்கியமில்லாத துண்டு என்றால், யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டு என்றால் ஒலியடக்கலாம். வீடியோவை அழித்து மறுபடி ஏற்றத் தேவையில்லை. அதுவரை கிடைத்த பார்வைகளும் தப்பும்.

உங்கள் விமர்சனம் வலுவானது என்று நம்பினால் எதிர்ப்பு தெரிவியுங்கள். கிளிப் பட்டியலின் நான்காவது கட்டத்தை எடுத்து, நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். கோபத்தை எழுதாதீர்கள், படிப்பது எதிர்த்தரப்பு ஊழியர். அவர்கள் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். வருமானம் வரும் சேனல் என்றால் க்ளெய்ம் வந்த 5 நாளுக்குள் எதிர்ப்பு தெரிவித்துவிடுங்கள். அப்போதுதான் முதல் நாளிலிருந்து வரும் பணம் யாருக்கும் போகாமல் தனியே நிறுத்திவைக்கப்படும். எதிர்ப்பை நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர்கள் பதில் சொல்ல 7 நாள்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பிறகு உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லலாம். அப்போது வருவது ஸ்ட்ரைக். 90 நாளில் அது காலாவதியாகும். அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். நீக்கியது தவறு என்று நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுத்தால் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் அவர்கள் வழக்குத் தொடர்ந்ததற்கான ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீடியோ திரும்பும். ஆனால் அந்த அறிவிப்பில் உங்கள் பெயர், முகவரி எல்லாம் போகும், அது சட்ட ஆவணம். ஒற்றை வீடியோவுக்காக அந்தத் தூரம் போவதா என்று ஒரு நாள் ஆறப்போட்டு முடிவெடுங்கள்.

10. ஸ்பாய்லர்

தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் திருப்பத்தைக் காட்டாதீர்கள். 2025 மே மாதம் வந்த டாக்டர் ஹூ சீசன் இறுதி எபிசோடில் நாயகர் யாராக மாறினார் என்பதை எபிசோட் பார்க்குமுன்பே தம்ப்நெயிலில் பார்த்தவர்களின் எரிச்சலை நினைத்துப் பாருங்கள். உங்கள் முகம், எபிசோடின் பெயர், இரண்டும் போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் புதியவர் என்றால் பழைய ரசிகர்கள் ஆசையோடு வந்து ‘இந்த ஆள் யார் என்று மூன்றாவது சீசனில் தெரியும் பாருங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஸ்டூடியோவின் அமைப்புகளில் தடுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் இருக்கிறது. அதில் என்ன பெயர்களைச் சேர்ப்பது என்று உங்களுக்கே தெரியாது, தெரிந்தால்தான் ஸ்பாய்லர் ஆயிற்றே! ஆகவே தொடரை முழுதும் பார்த்த நண்பர் ஒருவரை மதிப்பீட்டாளராகச் சேர்த்து, அந்தப் பட்டியலையும் கருத்துகளை முதலில் படிக்கும் வேலையையும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

11. பணம்

யூடியூபின் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வைகள். விண்ணப்பித்ததும் சேனலை ஆள் வைத்துப் பார்ப்பார்கள். பிறருடைய காட்சிகளைப் பேச்சில்லாமல் ஒட்டிவைத்த சேனல்களை நிராகரிப்பார்கள். மூல வீடியோவைப் பற்றிக் கருத்துச் சொல்லும் ரியாக்‌ஷனை ஏற்பார்கள். நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. க்ளெய்ம் விழுந்த வீடியோவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முழு நீள ரியாக்‌ஷன் போடுபவர்கள், ரசிகர்களே நேரடியாகப் பணம் கட்டும் தளமான பேட்ரியானில் மாதச் சந்தா வாங்குவது இதனால்தான். 2025 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே பக்கம் தொடங்கும் படைப்பாளிகளிடம் 10 சதவீதமும் அதன்மேல் பணப் பரிமாற்றக் கட்டணமும் பிடிப்பார்கள்.

ஆவணங்கள்: வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும், யூடியூப் பணம் வந்துசேரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் கொடுக்கும் பெயரும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கணக்கோடு இணைக்க வேண்டும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு சரிபார்ப்பு எண் (PIN) வரும். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அதைப் போடாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள், அடுத்த மாதம் 21 முதல் 26-ஆம் தேதிக்குள்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் டபிள்யூ-8 பிஇஎன் என்ற வரிப் படிவத்தை ஆட்சென்ஸுக்குள்ளேயே நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலிருந்தே 24 சதவீதம் வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்குக்கு மட்டும்தான் வரி, அதுவும் உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள ஒப்பந்தப்படி. படிவம் சில வருடங்களில் காலாவதியாகும். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.